ரியூஷனுக்குச் சைக்கிளில்

எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில், ஜெனரேட்டருக்குப் பின்னால், ஏழெட்டுச் சைக்கிள்கள் சாய்ந்து கிடக்கின்றன. ஒன்றிலும் காத்து இல்லை. கொழும்பு வெள்ளவத்தையின் கடற்காற்று செயின்களைச் செங்கல் நிறமாக்கிவிட்டது. அதில் ஒன்று நல்ல லுமாலா, முன்கூடை வைத்தது. கூடைக்குள் இப்போது யாரோ பழைய பேப்பர் கட்டிப் போட்டிருக்கிறார்கள். அநேகமாக எல்லாமே 2022இல் வாங்கியவை. எது எவருடையது என்று செக்கியூரிட்டி ஐயாவுக்கே இப்போது சரியாகத் தெரியாது.

2022 எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஜூன் கடைசியில் ஒரு லீற்றர் 92 ஒக்டேன் பெற்றோல் 470 ரூபாய்க்குப் போனது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அறிவித்தார்கள். பெற்றோல் ஷெட்டுகளுக்கு வெளியே வாகனங்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றன, சாரதிகள் உள்ளேயே தூங்கி எழும்பினார்கள். சைக்கிள் விலை இரண்டு மடங்கைத் தாண்டியும் கடைகளில் சரக்கு இல்லை. வங்கி முகாமையாளர், டொக்டர், சேலைக்கடை முதலாளி எல்லாரும் உழக்கினார்கள். அப்புறம் ஜூலையில், வாகனத்துக்கு வாரம் இவ்வளவுதான் என்று அளந்து கொடுக்கிற கியூஆர் முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. அந்த அளவு கூடக்கூட சைக்கிள்கள் ஒவ்வொன்றாகக் கீழ்த்தளத்துக்கு இறங்கின.

சனம் சோம்பல்பட்டுவிட்டது என்று இதற்கு விளக்கம் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த மாதங்களில் கொழும்பின் பிரதான வீதியான காலி வீதியில் ஓடியவர்களைக் கேட்டுப் பாருங்கள். முதலில் சொல்வது செலவு மிச்சத்தைப் பற்றியோ உடற்பயிற்சியைப் பற்றியோ இருக்காது. பயமில்லாமல் ஓடினோம் என்பார்கள். வீதியில் ஒரு கோடுகூட மாறவில்லை, வாகனம் மட்டும் குறைந்தது. வாகனம் திரும்பி வந்தபோது பயமும் திரும்பி வந்தது. பயந்தவர்கள் இறங்கிவிட்டார்கள். இதில் சோம்பலுக்கு என்ன வேலை?

இதே மாதிரி ஒரு தட்டுப்பாடு 1973இல் நெதர்லாந்துக்கும் வந்தது. அந்த நாட்டுக்காரர் பிறக்கும்போதே சைக்கிளோடு பிறப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். 1950களிலும் 60களிலும் அவர்களும் கார் மயக்கத்தில் இருந்தவர்கள்தான். 1971இல் மட்டும் அங்கே வீதி விபத்துகளில் 3,000க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள், அதில் 400க்கு மேல் சிறுவர்கள். பிள்ளைகளைக் கொல்வதை நிறுத்து என்றே பெயர் வைத்துப் பெற்றோர் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். அந்த நேரம் பார்த்து எண்ணெய்த் தட்டுப்பாடு. அரசாங்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடத் தடை போட்டது. வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் சனம் சைக்கிள் ஓடியது, பிள்ளைகள் சில்லுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். எண்ணெய் திரும்பி வந்தபிறகும் அந்தப் பெற்றோர் வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த பத்து இருபது ஆண்டுகளில் அவர்கள் நகரங்கள் மாறியது அப்படித்தான். இங்கே பெற்றோல் வந்ததும் பேச்சு முடிந்துவிட்டது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025இல் திறந்தபோது, எந்த வீட்டுக்குப் போனாலும் வரி எவ்வளவு, அந்தக் கார் இப்போது என்ன விலை என்பதுதான் கதை.

சைக்கிளுக்கு உகந்த நகரம் என்று யாராவது பேச ஆரம்பித்தால் நான் ஒரேயொரு கேள்விதான் கேட்பேன். தரம் ஏழில் படிக்கிற பிள்ளை, தனியாக, வீட்டிலிருந்து ரியூஷனுக்குச் சைக்கிளில் போய்வர அம்மா விடுவாவா? விடுவா என்றால் அது சைக்கிளுக்கான நகரம். இல்லையென்றால் எத்தனை கிலோமீற்றருக்குச் சைக்கிள் பாதையென்று பச்சைப் பெயின்ற் அடித்தாலும் இல்லை.

இப்போது கொழும்பில் ஓடுபவர்களை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. வார நாட்களில் காலி வீதியில் பார்த்தால் லொத்தர் விற்பவர், பேப்பர் போடுபவர், இரவு வேலை முடிந்த காவலாளி, கரண்டியும் மட்டக்கோலும் கட்டிய மேசன். இவர்கள் வேறு வழியில்லாததால் ஓடுகிறார்கள். ஞாயிறு விடியற்காலையில் பார்த்தால் கார் விலைக்குக் கிட்டவான சைக்கிளில், இறுக்கமான உடுப்போடு, சுதந்திர சதுக்கப் பக்கம் கூட்டமாகப் போகிறவர்கள். இவர்கள் வீதி வெறுமையாக இருக்கிற நேரம் பார்த்து ஓடுகிறார்கள். இரண்டு கூட்டத்தோடும் எனக்குச் சண்டையில்லை. ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு நகரமே இருக்கிறது. அங்கே பிள்ளைகள், பெண்கள், அறுபது தாண்டியவர்கள். அவர்களைச் சைக்கிளில் காணவே முடியாது.

வெள்ளவத்தையில் பின்னேரம் நாலு மணிக்கு எந்த ஒழுங்கையிலும் நின்று பாருங்கள். ரியூஷன் விடுகிற நேரம், ரியூஷன் தொடங்குகிற நேரம் இரண்டும் ஒன்று. ஒழுங்கை முழுக்க ஹசார்ட் விளக்குப் போட்ட கார்கள், ஓட்டோக்கள், ஒரு வான் பின்னால் எடுக்க முடியாமல் நடுவில். எல்லாரும் பிள்ளையின் பாதுகாப்புக்காகத்தான் வாகனத்தில் வந்திருக்கிறார்கள். அந்த வாகனங்களால்தான் அங்கே நடக்கவே பயமாக இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை தரம் ஏழு. அவள் போகிற வகுப்பு ஒன்றரைக் கிலோமீற்றருக்குள். நெரிசலில் ஓட்டோ பிடித்துப் போய்ச் சேருவதற்குள் நடந்தே போய்விடலாம். அவளுடைய அம்மா சாவகச்சேரிக்காரி.

"அக்கா, நான் எட்டாம் வகுப்பிலயே தம்பியைக் கரியலில வைச்சுக் கொடிகாமச் சந்தைக்குப் போய் வந்தனான்."

"பிறகேன் பிள்ளையை விடுறீர் இல்லை?"

"உந்த பஸ்காரரை நம்பியோ?"

இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த என் வயதுக்காரருக்குச் சைக்கிள் விளையாட்டுச் சாமான் இல்லை. 1990இல் யுத்தத்தால் பெற்றோலுக்குத் தடை வந்தபின் குடாநாடே அதில்தான் ஓடியது. மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மற்றவர்களுக்குச் சைக்கிள். விறகு, தேங்காய், சீமெந்துப் பை, காய்ச்சல்காரர், கலியாணத்துக்கு வந்த மாமி எல்லாம் கரியலில் போனார்கள். கரண்ட் இல்லாத இரவுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற மின்சாரத்தில் ரேடியோச் செய்தி கேட்டோம். 1995 ஒக்டோபர் கடைசியில் குடாநாட்டின் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்த இரவில் சனம் சாமான் கட்டிய சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் நடந்தது. சமாதானம் வந்த இடைவெளிகளில் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் வீதியை நிறைத்துக்கொண்டு வருவார்கள், நாலு பேர் ஒரு வரிசையாக, கதைத்துக்கொண்டு. பின்னால் வருகிற லொறி ஹோர்ன் அடிக்கும். அவர்கள் அசையமாட்டார்கள்.

இதைச் சொல்லி ஊரைப் புனிதமாக்க வரவில்லை. அங்கே சைக்கிள் ஓடியது தடையாலும் ஏழ்மையாலும். தடை எடுபட்டு, தெற்கோடு இணைக்கிற ஏ9 வீதி திறந்து, லீசிங் கொம்பனிகள் வந்ததும் அங்கேயும் மோட்டார் சைக்கிள்தான். ஆனால் ஒரு விஷயம் மிச்சமாக இருக்கிறது. கொழும்பிலுள்ள பல தமிழ் வீடுகளில் சைக்கிள் நன்றாக ஓடத் தெரிந்த ஓர் அம்மா இருக்கிறா. சமநிலை, சந்தியில் எப்போது இறங்கவேண்டும், மழைக்கு எப்படிப் பிரேக் பிடிக்கவேண்டும் எல்லாம் அவவுக்குத் தெரியும். அந்த அறிவு வெள்ளவத்தைக்கு வந்ததோடு அலுமாரிக்குள் போய்விட்டது. பிள்ளைகள் சைக்கிள் பழகுவது விகாரமகாதேவி பூங்காப் பக்கமோ மொட்டைமாடியிலோ, பிறகு அதோடு சரி.

சைக்கிள் கல்வி என்று இங்கே பேசினால் உடனே ஹெல்மெட் வரும். ஹெல்மெட் நல்லதுதான், நானும் போடுகிறேன். ஆனால் கவனியுங்கள், அந்தப் பாடம் முழுக்க அடிபடப் போகிறவருக்கு. பள்ளிக்கூடங்களில் வீதிப் பாதுகாப்பு என்றால் போஸ்டர் போட்டி. பிள்ளை வீதிச் சமிக்ஞைகளை அழகாக வரைந்து நிறம் தீட்டிப் பரிசு வாங்கும். பிறகு அம்மா வந்து காரில் ஏற்றிக்கொண்டு போவா. நெதர்லாந்தில் ஆரம்பப் பள்ளி முடிகிற வயதில் பிள்ளைகளுக்கு எழுத்துப் பரீட்சையோடு ஒரு செய்முறைப் பரீட்சையும் உண்டு. குறித்த ஒரு பாதையில், உண்மையான போக்குவரத்துக்குள், தனியாக ஓடிக் காட்டவேண்டும். பெரியவர்கள் சந்திகளில் நின்று புள்ளி போடுவார்கள். திரும்பும்போது பின்னால் பார்த்தாளா, கை காட்டினாளா, முன்னுரிமை கொடுத்தாளா என்று.

அப்படி ஒரு பரீட்சைக்கு நமது பிள்ளைகளைத் தயார்படுத்தப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கடலோரத்து மரைன் டிரைவ் வீதி போதும். சைக்கிள் ஆடாமல் வலது தோளுக்கு மேலால் பின்னுக்குப் பார்ப்பது முதலாவது. இதைப் பழகாதவர்கள் பின்னால் பார்க்கும்போது ஹாண்டிலும் சேர்ந்து திரும்பும், நேரே வாகனத்துக்கு முன்னால் போவார்கள். அடுத்தது, ஓரத்தை ஒட்டி ஓடாமல் ஒரு மீற்றர் தள்ளி ஓடுவது. பயத்தில் எல்லாரும் கானோடு ஒட்டித்தான் ஓடுவார்கள், அப்படி ஓடினால் முந்துகிற வாகனம் இன்னும் இடுக்கிக்கொண்டு முந்தும். பிறகு, நிற்கிற பஸ்ஸின் இடப்பக்கத்தால் ஒருபோதும் நுழையாதே என்பது. பஸ் சாரதிக்கு அந்த மூலை தெரியாது. லண்டனில் பொலிஸார் சைக்கிள்காரர்களைக் கூப்பிட்டு, லொறியின் சாரதி ஆசனத்தில் ஏற்றி உட்காரவைத்துக் காட்டுவார்கள், உங்களுக்குப் பக்கத்தில் நிற்கிற சைக்கிள் தெரிகிறதா பாருங்கள் என்று. ஏறி உட்கார்ந்தால்தான் விளங்கும்.

சாரதிக்கான பாடம் இதைவிட முக்கியம். இரண்டைச் சொல்கிறேன். இடப்பக்கம் நிறுத்திய காரின் சாரதிக் கதவு வலப்பக்கம், அதாவது சைக்கிள் வருகிற பக்கம் திறக்கும். அந்தக் கதவை வலக்கையால் திறக்காமல் இடக்கையால் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருகிற ஆள் கண்ணில் படும். ஒரு சதம் செலவில்லை. சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு வேரஹெரவில் எழுத்துப் பரீட்சை எழுதுகிற ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கலாம். இரண்டாவது வேகம். நகருக்குள் கார், பஸ் எல்லாவற்றுக்கும் மணிக்கு 50 கிலோமீற்றர், ஓட்டோவுக்கு 40 என்பது சட்டம். 50இல் மோதுகிற வாகனத்தின் ஆற்றல் 30இல் மோதுவதைவிடக் கிட்டத்தட்ட 3 மடங்கு. வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, அடி மட்டும் மூன்று மடங்கு. 2020இல் ஸ்டொக்ஹோமில் கூடிய உலக நாடுகள், சனமும் சைக்கிளும் வாகனமும் கலக்கிற வீதிகளில் 30தான் உச்சம் என்று பிரகடனம் செய்தன. வெள்ளவத்தை ஒழுங்கைகள் அத்தனைக்கும் 30 போதும். அதற்குள்தான் எப்படியும் ஓடமுடியும். ஆனால் இரவு பத்து மணிக்கு ஒழுங்கை காலியானதும் யார் அந்த வேகத்தில் ஓடுகிறார்கள்?

பாடம் எடுத்தால் மட்டும் பஸ்காரர் திருந்துவார் என்று நான் நம்பவில்லை. காலி வீதியில் சைக்கிள் ஓடுபவர் எல்லாருக்கும் தெரிந்த ஒரு காட்சி இருக்கிறது. பஸ் உங்களை முந்தும், முந்திய அதே மூச்சில் இடப்பக்கம் வெட்டி ஹோல்ட்டில் நிற்கும், நீங்கள் அதன் பின்பக்கத்தில் மூக்கு முட்ட நிற்பீர்கள். அந்தச் சாரதி கெட்டவர் என்பதால் அல்ல. பெரும்பாலான தனியார் பஸ்களில் முதலாளிக்கு நாளுக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டு மிச்சத்தில்தான் சாரதியும் நடத்துனரும் பங்கு போடுகிறார்கள். பின்னால் அதே இலக்க பஸ் வருகிறது. அது முந்தினால் ஹோல்ட்டில் நிற்கிற ஆட்கள் அதற்கு. இந்தக் கணக்கு மாறாமல் ஆயிரம் வகுப்பு எடுத்தாலும் அவர் வெட்டுவார். மாதச் சம்பளத்துக்கு ஓடுகிற சாரதிக்கு வெட்டவேண்டிய அவசரமே இல்லை. சைக்கிள் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பஸ் கூலியைப் பற்றிப் பேசாமல் விடுவது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

"எங்கட சனத்தைப் பழக்க ஏலாது" என்று சொல்பவர்களுக்கு மஞ்சள் கடவையைக் காட்டுவேன். சென்னையிலிருந்து வருகிற சொந்தக்காரர் கொழும்பில் முதலில் அதிசயப்படுவது அதைப் பார்த்துத்தான். கடவையில் ஒரு கிழவி காலை வைத்தால் வாகனம் நிற்கிறது. பிறவிக் குணம் ஒன்றும் இல்லை. கோடு தெளிவாகப் போட்டு, முக்கியமான இடங்களில் ஆள் நிறுத்தி, நிற்காதவனுக்குத் தண்டம் எழுதி, வருஷக்கணக்காக அதையே செய்ததால் வந்த பழக்கம். கோடும் தண்டமும் சேர்ந்து செய்த வேலையை வெறும் அறிவுரை செய்திருக்காது.

கல்வியும் வசதியும் ஒன்றாகப் போனதற்குத் தமிழில் பேசக்கூடிய நல்ல உதாரணம் புதுக்கோட்டை. 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார்கள். அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்நின்றார். கிராமத்துப் பெண்கள், கல்குவாரிக் கூலிகள், தொண்டர்கள் என்று ஆயிரக்கணக்கில் பழகினார்கள். பழக்கியதோடு விடவில்லை, சைக்கிள் வாங்கக் கடனும் ஒழுங்கு செய்தார்கள். ஊரில் பெண்களுக்கான சைக்கிள் தீர்ந்துபோனபோது பாருள்ள ஆம்பிளைச் சைக்கிளையே வாங்கி ஓடினார்கள். பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு. கேலி பேசியவர்கள் இருந்தார்கள்தான். ஒரு பெண் ஓடினால் கேலி பண்ணலாம், ஊரே ஓடினால் யாரைப் பண்ணுவது? கொழும்பில் நான் தனியாக ஓடும்போது மோட்டார் சைக்கிளில் கிட்ட வந்து ஏதாவது சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வீதி அமைப்பு என்று பேசும்போது பொறியியலாளர் கணக்கில் இது வராது. வரவேண்டும். இருட்டான, ஆளில்லாத பாதையைச் சைக்கிளுக்கு என்று ஒதுக்கினால் பெண்கள் போகமாட்டார்கள்.

சரி, வீதிக்கு வருவோம்.

தெஹிவளைப் பக்கம் நான் போகிற சைக்கிள் கடைக்காரர் வவுனியாவில் இருந்து வந்தவர். கடை என்றால் ஒரு சாய்ப்பு, தண்ணிச் சட்டி ஒன்று, சொலூஷன் ரியூப் ஒன்று, பழைய ரியூப்பில் வெட்டிய ஒட்டுத் துண்டுகள். ரியூப்பைச் சட்டிக்குள் அமுக்கி, குமிழி வருகிற இடத்தில் நகத்தால் அடையாளம் போட்டுக்கொண்டே கதைப்பார். 2022இல் விடிய ஐந்து மணிக்கே கடைக்கு முன் வரிசையாம். இப்போது சின்னப்பிள்ளைச் சைக்கிளும் லொத்தர்காரரும்தான். என்னுடைய முன் ரிம் வளைந்தபோது கழற்றிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, ரிம் வளைஞ்சு வாறது முக்கால்வாசி மழைக்குப் பிறகுதான். தண்ணி நிக்கேக்க கம்பி தெரியாது" என்றார்.

அவர் சொன்னது கான் மூடியை. வீதியோரத்தில் மழைத்தண்ணி இறங்கப் போட்டிருக்கிற இரும்புக் கம்பி மூடிகள் பல இடங்களில் கம்பி நெடுக்காக, வாகனம் போகிற திசையிலேயே போகும்படி பதிக்கப்பட்டிருக்கின்றன. கம்பிக்குக் கம்பி உள்ள இடைவெளி சைக்கிள் சில்லுக்கு அளவெடுத்துச் செய்தது போல. கார் சில்லு மேலே போய்விடும், காரில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. சைக்கிள் சில்லு இறங்கினால் ஆள் ஹாண்டிலுக்கு மேலால் போவார். அந்த மூடியைத் தொண்ணூறு பாகை திருப்பிப் போட்டால் பிரச்சினை தீர்ந்தது. திருப்ப முடியாத மூடியென்றால் குறுக்கே மூன்று பட்டை இரும்பை வெல்ட் பண்ணினால் போதும். கொழும்பில் சைக்கிளுக்கு என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். தார் போடும்போது மேலெழும்பிய வீதிக்கும் பழைய மட்டத்திலேயே கிடக்கிற மன்ஹோல் மூடிக்கும் இடையில் ஒரு குழி உண்டாகிறதே, அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஒருவழி. பம்பலப்பிட்டிக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் இடையில் காலி வீதி ஒரு பக்கம், டூப்ளிகேஷன் வீதி மறுபக்கம் என்று பிரித்துவிட்டார்கள். வாகனத்துக்கு வேகம் கூடியது. லொத்தர்காரருக்கு? இருநூறு மீற்றர் பின்னாலிருக்கிற கடைக்குப் போக, சட்டப்படி என்றால் இரண்டு பெரிய வீதியையும் சுற்றிவரவேண்டும். பெட்டி கட்டிய கனத்த சைக்கிளில் எவர் சுற்றுவார்? எதிர்த்திசையில் ஓரத்தால் வருவார். பொலிஸ் பிடிக்கும், கார்க்காரர் திட்டுவார்கள், சைக்கிள்காரனுக்கு ஒழுங்கு தெரியாது என்று பெயர் வரும். ஐரோப்பாவில் பல நகரங்களில் ஒருவழி வீதிகளிலும் சைக்கிளுக்கு மட்டும் எதிர்த்திசைப் பட்டை ஒன்று, தடுப்பு வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒழுங்கீனம் என்று நாம் சொல்வதில் பாதி, வீதி போட்டவர் அந்த ஆளை நினைக்காததால் வந்தது.

என்னைக் கேட்டால் பெரிய வேலையை மரைன் டிரைவில் தொடங்கவேண்டும். ஒரு பக்கம் கரையோர ரயில் பாதை, அதற்கப்பால் கடல். அந்தப் பக்கத்தில் குறுக்கு வீதி எதுவும் வந்து சேராது, ரயில் நிலையத்துக்கும் கடற்கரைக்கும் ஆட்கள் கடக்கிற இடங்கள் மட்டும். சைக்கிள்காரருக்கு நகரத்தில் மிக ஆபத்தான இடம் வாகனம் குறுக்கே திரும்புகிற சந்தி. கொழும்பின் நடுவில், தெஹிவளைப் பக்கமிருந்து கொள்ளுப்பிட்டி வரை, சந்தியே இல்லாத ஒரு வீதியோரம் சும்மா கிடைத்திருக்கிறது! இரு திசைக்கும் சேர்த்து 3 மீற்றர் அகலம் இருந்தால் போதும். இப்போது அந்தப் பக்கம் கார் நிறுத்தவும் பின்னேரம் கடலை, அச்சாறு விற்கவும் பயன்படுகிறது. கடலைக்காரர் இருக்கட்டும், அவர் இருந்தால் ஆள் நடமாட்டம் இருக்கும். காரை எடுத்தால் இடம் வந்துவிடும். ஆனால் பெயின்ற் மட்டும் அடித்துவிட்டுப் போனால் அடுத்த நாள் காலை அது ஓட்டோ தரிப்பிடம். கொங்கிரீட் தடுப்பு வேண்டும், வாகனச் சில்லு ஏறமுடியாத உயரத்துக்கு.

குறுக்கே போவதற்குக் கால்வாய்க் கரைகள் இருக்கின்றன. வெள்ளவத்தை, கிருலப்பனை, நாவலை என்று நகரத்தை ஊடறுத்துத் தண்ணீர் போகிறது. 2018இல், ஈரநிலங்களைக் காக்கிற ராம்சார் என்ற சர்வதேச உடன்படிக்கையின் கீழ், கொழும்புக்கு ஈரநில நகரம் என்ற அங்கீகாரமும் கிடைத்தது. சில இடங்களில் கரையில் நடைபாதை போட்டு மரமும் வைத்திருக்கிறார்கள். ஒரு துண்டு இங்கே, ஒரு துண்டு அங்கே. இணைந்தால் காலி வீதியைத் தொடாமலே உள்ளுக்குப் போகலாம். ஸ்பெயினில் செவில் நகரம் 2000களின் நடுப்பகுதியில் செய்ததில் முக்கியமானது அதுதான். துண்டு துண்டாகப் போடாமல், தடுப்பு வைத்த பாதைகளை ஒன்றோடொன்று இணைத்துச் சில வருஷங்களுக்குள் போட்டு முடித்தார்கள். சைக்கிளே ஓடாத ஊரில் ஓட்டம் பல மடங்காகக் கூடியது. கோடையில் அங்கே 40 பாகை வெயில். கொழும்பு வெயிலைக் காரணம் காட்டுபவர்களுக்காகத்தான் அந்த ஊரைச் சொல்கிறேன். மழைக்கு என்னிடம் பதில் இல்லை, ஒக்டோபர் இடிமழையில் நானும் பஸ்ஸில்தான் போகிறேன். கொழும்பு மாநகரம் மொத்தமே 37 சதுரக் கிலோமீற்றர், அதுவும் மேசை மட்டம். இதில் தூரம், ஏற்றம் என்று யாரும் சாட்டுச் சொல்ல ஏலாது.

இனி ரியூஷன். பக்கத்து வீட்டு அம்மாவும் நானும் அந்த வகுப்பு நடத்துகிற சேரிடம் போய்க் கேட்டோம், முன் முற்றத்தில் ஒரு கார் நிற்கிற இடத்தைச் சைக்கிள் ஸ்டாண்டுக்குத் தருவீர்களா என்று. ஒரு கார் நிற்கிற இடத்தில் பத்துச் சைக்கிள் நிறுத்தலாம், வளைத்த பைப் ஐந்து பதித்தால் சரி. சேர் நல்லவர். யோசித்துவிட்டு, "ஸ்டாண்ட் போடலாம் அம்மா. ஆனா வாற வழியில பிள்ளைக்கு ஒண்டு நடந்தா ஆர் பொறுப்பு?" என்று கேட்டார். அதற்குப் பதில் சேரிடமும் இல்லை, எங்களிடமும் இல்லை. வழியில் காலி வீதியை ஓரிடத்தில் கடக்கவேண்டும். அது ஏ2, வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது. ஒழுங்கைகள் மாநகர சபையுடையவை. போக்குவரத்தை நடத்துவது பொலிஸ். அதனால் கடிதம் மூன்று இடத்துக்குப் போகிறது, தமிழிலும் சிங்களத்திலும். ஒழுங்கைகளுக்கு 30 பலகையும் வேகத்தடையும், கடக்கிற இடத்தில் பின்னேரம் நாலிலிருந்து ஆறு வரை ஒரு ஆள், கான் மூடிகளைத் திருப்பிப் போடுவது, இவ்வளவுதான் கேட்டிருக்கிறோம். மூடிகளைப் படம் எடுத்து, எந்த வீட்டு இலக்கத்துக்கு முன்னால் என்று எழுதி இணைத்திருக்கிறேன்.

கையெழுத்துச் சேர்க்கும் வேலை பக்கத்து வீட்டு அம்மாவுடையது. மற்றப் பெற்றோரில் சிலர் உடனே போட்டார்கள், சிலர் பார்ப்போம் என்றார்கள். அவளுடைய மனுசன் மட்டும் இன்னும் போடவில்லை. போன மாதம்தான் காருக்கு முற்பணம் கட்டியிருக்கிறார், மரைன் டிரைவில் நிறுத்தலாம் என்ற நம்பிக்கையில்.